கொல்லக் கொண்டுவந்த சரக்கு

"இருநூறு லிட்டர் கிருமியைக் கொல்லணும், உங்க பண்ணையில ஒரு குளம் கிடைக்குமா?"ன்னு ஒரு பொண்ணு போன்ல கேட்டப்போ, யாரோ என்னைச் சீண்டிப் பாக்கறாங்கன்னுதான் நெனச்சேன். நான் இறால் பண்ணைக்காரி. கிருமியைக் கொல்றது எனக்கு வாசல் தெளிக்கிற மாதிரி வேலை. ஒவ்வொரு தடவை குஞ்சு விடறதுக்கு முன்னாடியும் குளத்துல பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்தி, கண்ணுக்குத் தெரிஞ்சது தெரியாதது எல்லாத்தையும் காலி பண்ணிட்டுத்தான் மறுவேலை. அதுக்காக ஊரான் வீட்டுக் கிருமியை நான் எதுக்குக் கொல்லணும்?

"ராணுவ ஆய்வுக்கூடத்துலேருந்து பேசறேங்க. உப்புத் தண்ணி, பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச குளம், குளோரின். இந்த மூணும் இருக்கிற இடத்துலதான் அழிக்கணும்னு விதி. அப்படிப்பட்ட இடம் இறால் பண்ணைதான்"ன்னா அந்தப் பொண்ணு.

ராணுவம்னதும் நான் நாற்காலியை விட்டு எந்திரிச்சே நின்னுட்டேன். எதுக்கு எந்திரிச்சேன்னு இன்னிக்கும் தெரியல. சரின்னு சொல்லிட்டு, என் ஆளு தவமணியைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை ஒரு சரக்கு வரும், மூணாம் நம்பர் குளத்துல ஊத்துவாங்க, செவ்வாக்கிழமை விடிஞ்சதும் பிளீச்சிங் போட்டுடு"ன்னு சொன்னேன். தவமணிக்கு நாப்பது வயசு. எட்டு வருஷமா என்கிட்ட இருக்கார். ஒரு விஷயத்தை ஒரு தடவை சொன்னா போதும், மறுபடி சொல்ல வேண்டியதே இல்லை. அதுதான் பின்னாடி வினையாப் போச்சு.

இது ரெண்டாயிரத்து நாப்பத்தி மூணாம் வருஷம், ஐப்பசி கடைசி. எங்க ஊரு கழிமங்கலம் எப்படி இருக்கும்னு சொன்னாத்தான் உங்களுக்கு மத்தது புரியும். கிழக்கே கடல். கடலை ஒட்டி ஒரு மணல்மேடு. மேட்டுக்கு இந்தப் பக்கம் நல்லதண்ணிக் குளம். ஏழு ஊரு அதைத்தான் குடிக்குது. போன வருஷப் புயல்ல கடல் அந்த மேட்டுல இருநூறு மீட்டரைக் கடிச்சுத் தின்னுட்டுப் போயிடுச்சு. மண் மூட்டை அடுக்கினாங்க, ஆடியிலயே அலை அத்தனையையும் பிச்சுப் போட்டுடுச்சு. பாறாங்கல்லு வரும்னாங்க, தை மாசம் வருமாம். இப்போ சனிக்கிழமை காலையில அடுத்த புயல் கரையேறும்னு எல்லார் போன்லயும் ஆறு நாளைக்கு முன்னாடியே எச்சரிக்கை வந்தாச்சு.

உயிருக்குப் பயமில்லை. புயல் காப்பகம் மூணு மாடி, இரும்பு மாதிரி நிக்குது. ஆனா கடல் ஒரே ஒரு தடவை அந்த ஓட்டை வழியா உள்ள வந்து குளத்துல ஏறினா, கழிமங்கலம் முடிஞ்சுது. தண்ணி கெட்டா ஊரை நிரந்தரமா காலி பண்ணி, அறுபது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடி வீடு தர்றதுன்னு அரசாணை தயாரா இருந்துச்சு. எங்களை யாரும் கொல்லப் போறதில்லை, வேரோட பிடுங்கி வேற இடத்துல நட்டுடுவாங்க, அவ்வளவுதான்.

திங்கக்கிழமை மத்தியானம் ஒரு சின்ன லாரியில ரெண்டு நீல டிரம்மோட அந்தப் பொண்ணு வந்து இறங்கினா. பேரு ரஹ்மத்துன்னிசா, பூர்வீகம் நாகூர், பெரிய விஞ்ஞானியாம். பாத்தா கண்ணு ரெண்டும் கோவைப்பழமா சிவந்திருக்கு.

"எதுக்கும்மா அழுவுற?"

"அழலக்கா, தூசு விழுந்துடுச்சு."

"நாலு பக்கமும் தண்ணியா கெடக்கு, இங்க ஏதும்மா தூசு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு, கூடவே அழுகையும். டிரம்மு மேல கையை வச்சுக்கிட்டு, "எட்டு வருஷம் வளர்த்தேன்கா. இன்னிக்குக் கொல்லக் கொண்டுவந்திருக்கேன்"ன்னா.

"அப்படி என்ன பண்ணும் இது?"

"மணலைக் கல்லாக்கும். பாலைவனத்துல ராணுவ வண்டி பதியாம ஓடணும், ஹெலிகாப்டர் இறங்கணும், அதுக்காக உருவாக்கினது. யூரியாவும் கால்சியமும் கலந்து கொடுத்தா, ஒவ்வொரு மணலுக்கும் நடுவுல சுண்ணாம்பை வச்சு இது ஒட்டிடும். ஆறு மணி நேரத்துல பாறை."

மணலைக் கல்லாக்குமா? திரும்பி அந்த உடைஞ்ச மேட்டைப் பாத்தேன். "இதையா கொல்லப் போற? உங்களுக்கெல்லாம் புத்தி கெட்டுப்போச்சா?"

"கல்லு ஆகும்போது அமோனியா வரும்கா. எக்கச்சக்கமா வரும். எல்லையில ஒரு இடத்துல சோதிச்சோம். அது மண்ணுல இறங்கி, ஆடு மேய்க்கிறவங்க கிணத்துக்குள்ள போயிடுச்சு. பதினாலு ஆடு செத்துச்சு. அந்த வீட்டுல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு அந்தத் தண்ணியைக் குடிச்சு ஆஸ்பத்திரியில கெடந்தா. பிழைச்சுட்டா. ஆனா நான் அந்தக் கிணத்தடியில நின்னு பாத்தேன்கா, என்னால மறக்க முடியல. அப்புறம் பன்னெண்டு பேர் கொண்ட கமிட்டி போட்டு, நாலு வருஷம் யோசிச்சாங்க. அமோனியாவுக்கு வழி கிடைக்கல. அழிச்சுடுங்கன்னு உத்தரவு."

"அமோனியாவா!" நான் சத்தம் போட்டுச் சிரிச்சுட்டேன். பாவம், அவ மிரண்டுபோயிட்டா. "ஏம்மா, அமோனியாவோட குடித்தனம் நடத்துறவ நான். இறால் கழிவாப் போடறதே அமோனியாதான். அது ஏறினா ஒரே நாள்ல மொத்தக் குளமும் மல்லாந்துடும். காலையில எந்திரிச்சு சாமி கும்பிடறேனோ இல்லையோ, அமோனியா எவ்வளவுன்னு பாத்துடுவேன்."

கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் ரெண்டாம் நம்பர் குளத்தைக் காட்டினேன். தண்ணி டீ நிறத்துல கொழகொழன்னு இருக்கும், அதுல சக்கரம் சுத்திக் காத்தடிச்சுக்கிட்டே இருக்கும். "இந்தப் பழுப்புக் கசடு இருக்கே, இதுவும் உன்னோடது மாதிரி கிருமிதான். சர்க்கரை ஆலையிலேருந்து வர்ற மொலாசஸ் பாகை ஊத்தி வளர்க்கறோம். பாகு கொடுத்து, காத்தும் கொடுத்தா, எவ்வளவு அமோனியா வந்தாலும் தின்னு தீர்த்துடும். உங்க பன்னெண்டு பேர்ல ஒருத்தராவது ஒரு இறால்காரனைக் கேட்டாங்களா?"

அவ குளத்து ஓரத்துல குந்தி உக்காந்து, அந்தக் கசடை உள்ளங்கையில அள்ளி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா.

அப்புறம் ஒரு பெயின்ட் வாளியில மேட்டு மணலை அள்ளிக் கொண்டாந்தோம். வயலுக்கு வச்சிருந்த யூரியா ரெண்டு கை, குளத்துக்குப் போடற கால்சியம் குளோரைடு ஒரு கை, டிரம்முலேருந்து ரெண்டு செம்பு. சாயங்காலம் வாளியைக் கவுத்தினா, டொக்குனு விழுந்துச்சு ஒரு கல்லு. நான் ஏறி நின்னு குதிச்சேன், அசையல. என் எடைக்கு அசையலைன்னா அது பாறைதான்.

"நாளைக்குக் காலையில எங்க கர்னல்கிட்ட அனுமதி கேக்கறேன்கா. அதுவரைக்கும் இது உயிரோட இருக்கட்டும்"ன்னு சொல்லி, ரெண்டு டிரம்மையும் மூணாம் நம்பர் குளத்துல ஊத்தி, தீனி போட்டுட்டு, என் வீட்டுலயே படுத்துட்டா.

இதுல நான் ஒண்ணை மறந்துட்டேன். தவமணிகிட்ட சொல்லல.

விடிஞ்சு வாசலுக்கு வர்றேன், பண்ணைப் பக்கமிருந்து குளோரின் வாடை குப்புனு அடிக்குது. தலைமுடியை அள்ளி முடிஞ்சுக்கிட்டே ஓடினேன். மூணாம் நம்பர் கரையில தவமணி முகத்துல துண்டைக் கட்டிக்கிட்டு, கடைசி வாளியைக் கழுவிக்கிட்டு நிக்கிறார்.

"அம்மா, சொன்னபடி முடிச்சாச்சு. ஒரு மூட்டை கூடவே போட்டேன், ஒண்ணும் மிச்சமிருக்காது."

அவரை என்னன்னு திட்டுவேன்? என்னைத்தான் செருப்பால அடிச்சுக்கணும். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷன் அப்படியே கரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டார். இறால்காரங்க தவிர வேற யாரும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டாங்க. எங்களுக்குக் குளத்துல புதுசா எது இருந்தாலும் மொதல்ல கொன்னுட்டுத்தான் யோசனையே.

ரஹ்மத்து ஓடி வந்து பாத்தா. அந்த நேரம் பாத்து அவ போன் அடிக்குது. கர்னல் பொன்னையா. அவ மேலதிகாரி. சத்தம் எனக்கே கேட்டுச்சு.

"அழிச்சாச்சாம்மா?"

"ஆச்சு சார். இன்னிக்குக் காலையில. முழுசா."

"சான்றிதழ் அனுப்பிடு." குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் வருத்தம்தான், ரஹ்மத்."

அவ போனை வச்சுட்டு, நேத்து செஞ்ச அந்தக் கல்லை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. குழந்தையை வச்சுக்கிட்டு இருக்கிற மாதிரியே இருந்துச்சு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, அவளுக்காகவா ஊருக்காகவான்னு தெரியல. நான் உள்ள போய் காபி போட்டுக் கொண்டாந்தேன், வேற என்ன செய்ய?

டம்ளரை வாங்கின கை அப்படியே நின்னுச்சு.

"அக்கா, சுத்தியல் இருக்கா?"

"எதுக்கு?"

"இது சாப்பாடு தீர்ந்தா செத்துப்போகாதுக்கா. விதை மாதிரி சுருண்டு தூங்கிடும். இந்தக் கல்லுக்குள்ள கோடிக்கணக்குல தூங்குது!"

கல்லுல பாதியைத் தவமணிதான் உடைச்சார். அப்படி ஒரு வெறியோட யாரும் கல்லு உடைச்சு நான் பாத்ததில்லை. பொடியாக்கி, டிரம்முல வெதுவெதுப்பான தண்ணியில போட்டு, தீனி கலந்து, காத்துக் குழாயை உள்ள விட்டோம். அது முழிச்சதும் திரும்ப விட்டுப் பெருக்கறதுக்காக, மூணாம் நம்பர் குளத்துல இருந்த குளோரினை முறிக்க தயோசல்பேட்டைக் கொட்டினோம். அதுவும் எங்ககிட்ட எப்பவும் மூட்டை மூட்டையா இருக்கும். கொல்றதுக்கு ஒண்ணு வச்சிருந்தா, கொன்ன மருந்தோட வீரியத்தை எடுக்க இன்னொண்ணு வச்சிருக்கணுமே. சாயங்காலம் டிரம்மு மூடியைத் திறந்தா, மூக்கைத் துளைக்குது அமோனியா வாடை. ரஹ்மத்து கத்தினா: "முழிச்சுக்கிச்சுக்கா!" நாத்தத்துக்கு யாராவது இப்படிச் சந்தோஷப்பட்டுப் பாத்திருக்கீங்களா? நாங்க மூணு பேரும் பட்டோம்.

"கர்னலைக் கேக்கணுமில்ல?"ன்னேன்.

அவ கொஞ்சம் யோசிச்சா. "கேட்டா வேணாம்னுதான் சொல்லியாகணும் அவர். வேணாம்னதுக்கு அப்புறம் செஞ்சா துரோகம். கேக்காம செஞ்சா தப்பு. நான் தப்பு பண்றேன்கா. நடந்தது எல்லாத்தையும் எழுதிட்டேன், ஞாயித்துக்கிழமை காலையில தானா அவருக்குப் போயிடும். வேலை போகும். ஜெயில் கூட இருக்கலாம். பரவாயில்லை."

எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு மதிப்பு வந்துடுச்சு பாருங்க, கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. கும்பிடல. சோறு போட்டேன்.

புதன்கிழமை காலையில ஊரைக் கூட்டியாகணும். அங்கதான் எனக்குச் சிக்கல். ஊராட்சித் தலைவர் கலியமூர்த்தி என் வீட்டுக்காரரோட தம்பி. என் வீட்டுக்காரர் போனப்புறம், அவர் பங்கு வயல்ல நான் இறால் குளம் வெட்டினேன். அதுலேருந்து எட்டு வருஷமா என்னை அண்ணின்னு கூப்பிடறதில்லை, பண்ணைக்காரம்மாதான். குளத்தை மூடச்சொல்லி மூணு மனு போட்டிருக்கார். ஊருல ஒருத்தரும் என் இறாலைத் தொடமாட்டாங்க.

பள்ளிக்கூடத்து மரத்தடியில நூறு பேர் கூடினாங்க. கலியமூர்த்தி கையைக் கட்டிக்கிட்டு நின்னார். "உப்பைப் போட்டு மண்ணைக் கெடுத்தாச்சு. இப்போ கிருமியைப் போட்டுத் தண்ணியையும் கெடுக்கப் போறாங்களாக்கும்."

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. வாயைத் திறந்தேன், ஆனா வந்தது வேற. "உண்மைதான் கலியமூர்த்தி. மொத ரெண்டு வருஷம் ஷீட் போடாமத்தான் குளம் நடத்தினேன். உப்பு இறங்கிச்சு. எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஒத்துக்க மனசு வரல, இன்னிக்கு ஒத்துக்கறேன். ஆனா சனிக்கிழமை கடல் வந்து உன் பக்கமா என் பக்கமான்னு கேட்டுக்கிட்டு நிக்காது."

ரஹ்மத்து எந்திரிச்சு ஆட்டுக்கதையையும் அந்தக் கர்ப்பிணிப் பொண்ணு கதையையும் ஒண்ணு விடாம சொன்னா. அடிப்பாவி, இதை இப்ப சொல்லணுமான்னு எனக்குப் பதறுது. ஒரு அம்மா கேட்டாங்க: "அப்போ அந்த நஞ்சு எங்க குளத்துலயும் இறங்குமா?"

"இறங்கலாம்மா. இறங்காம இருக்க, மேட்டு உடைப்புல நாம கட்டப்போற சுவருக்கு உள்பக்கம் ஷீட் போட்டு வாய்க்கால் வெட்டணும். வழியற தண்ணி எல்லாத்தையும் மோட்டார் வச்சு அக்காவோட ரெண்டாம் நம்பர் குளத்துக்குத் திருப்பணும். அங்க இருக்கிற கசடு அதைத் தின்னுடும். மணிக்கொரு தடவை சோதிப்போம். ஒரு சொட்டு தப்பினாலும் நானே நிறுத்திடறேன்."

கலியமூர்த்தி மிச்சமிருந்த பாதிக் கல்லை வாங்கினார். கடப்பாரையால ஒரு போடு போட்டார். பொறி பறந்துச்சு, கல்லு அப்படியே இருந்துச்சு. இன்னொரு போடு. அப்புறம் கடப்பாரை முனையைத் தடவிப் பாத்தார்.

"எத்தனை மூட்டை யூரியா வேணும்?"

"கிடைக்கிறது அத்தனையும்"ன்னா ரஹ்மத்து.

சம்பாவுக்கு மேலுரம் போட ஒவ்வொரு வீட்டுலயும் யூரியா வாங்கி வச்சிருந்த நேரம் அது. அதைக் கொடுத்தா பயிர் மஞ்சள் அடிச்சுத்தான் நிக்கும். எல்லாரும் தலைவர் முகத்தையே பாத்தாங்க. அவர் திரும்பி வீட்டுக்குப் போனார். போச்சுடான்னு நெனச்சேன். பத்து நிமிஷத்துல டிராக்டர் சத்தம். தன் வீட்டு மூட்டை அத்தனையும் ஏத்திக்கிட்டு வந்து நிறுத்தி, "எங்க இறக்கணும், அண்ணி?"ன்னார்.

அண்ணி. நான் கையை நீட்டி இடத்தைக் காட்டினேன்.

அதுக்கப்புறம் ஊரே பண்ணையில கெடந்துச்சு. ரெண்டாம் நம்பர் குளத்துல அமோனியாத் தண்ணி இறங்கினா இறால் சாகும், அதனால இன்னும் முழுசா வளராத இறாலை அத்தனையும் பிடிச்சுட்டேன். எழுபது நாள் வளர்ப்பு. வயிறு எரிஞ்சுது, பொய் சொல்ல மாட்டேன். பெரிய அண்டாவுல குழம்பு வச்சு வேலை செய்யறவங்களுக்குப் போட்டோம். எட்டு வருஷமா என் இறாலைத் தொடாத ஊரு ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சு. "எங்களை இத்தனை நாளா ஏமாத்திட்டீங்களே"ன்னு ஒரு பெரியவர் என்னையே குத்தம் சொல்றார்!

ஜேசிபி மணலைக் குவிக்கும். ஒரு முழ உயரம் ஆனதும் வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரால சரக்கை அடிப்பாங்க. அது இறுகினதும் மேல அடுத்த முழம். கண்ணு எரியும், மூக்கு ஒழுகும், எல்லார் முகத்துலயும் ஈரத்துண்டு. வாய்க்கால் தண்ணி மஞ்சளா நாறிக்கிட்டு என் குளத்துக்கு வரும். நான் மொலாசஸை டின் டின்னா ஊத்தினேன், சக்கரம் நிக்காம சுத்துச்சு. தவமணி சோதனைக் குப்பியோட மணிக்கொரு தடவை நல்லதண்ணிக் குளத்துக்கு நடந்தார். அமோனியா இருந்தா குப்பி பச்சையாகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஒரு குப்பி கூட பச்சையாகல. அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் குப்பியை எல்லாருக்கும் தூக்கிக் காட்டிட்டுத்தான் கீழ வைப்பார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கால்சியம் தீர்ந்துபோச்சு. சுத்துவட்டாரப் பண்ணை எல்லாத்துலயும் வாங்கியாச்சு, ஒரு கையளவு இல்லை. தெற்குக் கோடியில பதினஞ்சு மீட்டர் பாக்கி. யூரியாவையும் கிருமியையும் மட்டும் அடிச்சுவிட்டா ரஹ்மத்து. கையை வச்சா மணல் பொலபொலன்னு உதிருது.

"கால்சியம் இல்லாம இது ஒட்டாதுக்கா"ன்னா. மேல மூட்டையை அடுக்கிட்டு வந்தோம்.

சனிக்கிழமை ஊரு மொத்தமும் காப்பகத்துல. காலையில ஒன்பதரைக்குக் கடல் எழும்புச்சு. எழும்புச்சுன்னா, அலை இல்லைங்க, கடலே எந்திரிச்சு நடந்து வர்ற மாதிரி வந்துச்சு. மூணாவது மாடி ஜன்னல்ல நானு, ரஹ்மத்து, கலியமூர்த்தி, தவமணி. கையில ஒரு பைனாகுலர், அதை ஆளாளுக்குப் பிடுங்கறோம்.

முதல் அடி சுவருல விழுந்துச்சு. தண்ணி தென்னை உயரத்துக்கு எழும்பிச் சிதறுச்சு. காப்பகத்துல யாரோ வீறிட்டாங்க. நுரை இறங்கினதும் பாத்தோம். சுவர் நிக்குது. ரெண்டாவது அடி. நிக்குது. பத்து, இருபது, எண்ணறதை விட்டுட்டோம், நிக்குது! கீழ்மாடியில விசிலடிக்கிறாங்க. நான் தவமணி முதுகுல ஓங்கி அடிச்சேன், அவர் வலியே தெரியாம சிரிச்சார்.

அப்போ கலியமூர்த்தி மெதுவா, "தெற்கே பாருங்க அண்ணி"ன்னார்.

அந்தப் பதினஞ்சு மீட்டர்ல மூட்டை பறந்துபோச்சு. மணல் அடியில ஒரு கசிவு. முதல்ல கயிறு மாதிரி, அப்புறம் கை மொத்தத்துக்கு. தண்ணி வாய்க்காலை நிரப்பி, நல்லதண்ணிக் குளத்துக் கரையைப் பாத்து ஊர்ந்து வருது. குளத்துக்கும் அதுக்கும் நடுவுல நாப்பது அடி கூட இல்லை.

கலியமூர்த்தி மண்வெட்டியை எடுத்துக்கிட்டு மாடிப்படிக்கு ஓடினார். நானும் தவமணியும் சேர்ந்து பிடிச்சு இழுத்தோம். "விடுங்க அண்ணி! ஏழு ஊரு தண்ணி!" "போனா உன் பொணம்தான் திரும்பும், உக்காரு!"

ரஹ்மத்து ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "அது கரைஞ்சுடும்கா. எட்டு வருஷமும் பாலைவனத்துலதான் சோதிச்சோம். கடல் தண்ணியில ஒரு நாள் கூட வச்சுப் பாத்ததில்லை. ராணுவத்துக்குப் பாலைவனம்தான் வேணும்னாங்க."

முப்பது அடி. இருபத்தஞ்சு. நான் சாமி கும்பிடக்கூட மறந்துட்டேன்.

இருபது அடியில தண்ணி நின்னுச்சு. மணல் குடிச்சுடுச்சு போலன்னு நெனச்சேன். பைனாகுலரைக் கசிவு பக்கம் திருப்பினேன். கை மொத்தம் இருந்தது கயிறா இருக்கு. என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு கலியமூர்த்திகிட்ட கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் பாத்தார்.

"சின்னதாகுது அண்ணி. அலை அடிக்க அடிக்க சின்னதாகுது."

ரஹ்மத்து அதைப் பிடுங்கிப் பாத்தா. பாத்துட்டு, ஒரு சத்தம் போட்டா பாருங்க, காப்பகமே திரும்பிடுச்சு. "கால்சியம்! கடல்ல கால்சியம் இருக்குக்கா! நமக்குத் தீர்ந்துபோனது அதுதானே! கிருமி உள்ள இருக்கு, யூரியா உள்ள இருக்கு. ஒவ்வொரு அலையும் கால்சியத்தைக் கொண்டாந்து ஊட்டுது. அது அப்படியே கல்லாகுது!"

பன்னெண்டு மணிக்குக் கசிவு சுத்தமா நின்னுபோச்சு. கழிமங்கலத்தைக் காலி பண்ண வந்த கடலே மிச்ச வேலையை முடிச்சுக் கொடுத்துட்டுப் போச்சு.

மூணு மணிக்குக் காத்து அடங்கினதும் எல்லாரும் நல்லதண்ணிக் குளத்துக்கு ஓடினோம். தவமணி குப்பியில தண்ணி பிடிச்சு, பச்சையாகலன்னு தூக்கிக் காட்டிட்டு, உப்புப் பாக்கிற கருவியை எடுத்துத் துடைச்சுக்கிட்டிருந்தார். கலியமூர்த்தி காத்திருக்கல. முழங்கால் தண்ணியில இறங்கி, ரெண்டு கையால அள்ளிக் குடிச்சார். குடிச்சுட்டு எங்களைப் பாத்தார். கண்ணு கலங்கி நிக்குது, வாய் சிரிக்குது. அதுக்கப்புறம் கருவியை யாரும் கேக்கல. கெழடுகட்டையிலேருந்து கைக்குழந்தைக்காரி வரைக்கும் குளத்துக்குள்ள இறங்கிட்டாங்க. நானும் குடிச்சேன். எத்தனை வருஷம் குடிச்ச தண்ணி, அன்னிக்குத்தான் ருசி தெரிஞ்சுது.

அந்தக் கூத்துக்கு நடுவுலதான் ரஹ்மத்து போன் அடிச்சுது. அவ எழுதி வச்சது போறதுக்கு இன்னும் ஒரு ராத்திரி இருக்கு. ஆனா கர்னல் பொன்னையா செயற்கைக்கோள் படத்தைப் பாத்துட்டார். ஸ்பீக்கர்ல போட்டா. ஊரே வாயை மூடிக்கிச்சு.

"ரஹ்மத், அந்தக் கரை முழுக்க நாசமாகிக் கெடக்கு. கழிமங்கலத்துல இருநூறு மீட்டர் மட்டும் நேர்கோடா நிக்குது. அது என்ன?"

அவ நிமிந்து நின்னு எல்லாத்தையும் சொன்னா. கல்லு, சுத்தியல், யூரியா, கடல். ஒண்ணையும் மறைக்கல. அவர் பதில் சொல்ற வரைக்கும் எனக்குப் பொறுக்கல, போனைப் பிடுங்கிட்டேன்.

"சார், நான் ஜெகதாம்பாள், பண்ணைக்காரி. இந்தப் பொண்ணை ஏதாவது பண்ணணும்னா மொதல்ல என்னைப் பண்ணுங்க. குளம் என்னோடது."

"அமோனியா?"ன்னார் அவர். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "குளத்துல எவ்வளவு அமோனியா?"

தவமணி குப்பியைத் தூக்கிக் காட்டினார், போன்ல தெரியாதுன்னு மறந்துபோய். "ஒண்ணும் இல்லைங்க. இப்போதான் ஊரே குடிச்சுது"ன்னு நான் சொன்னேன்.



"அம்மா, அந்தப் பன்னெண்டு பேர் கமிட்டிக்கு நான்தான் தலைவர்"ன்னார். "எங்க கையில இருந்ததை உத்தரவுப்படி அழிச்சுட்டோம். டெல்லி வரைக்கும் எங்கயும் ஒரு சொட்டு மிச்சமில்லை. ஆனா இன்னிக்கு மேல இந்தக் கரையில நாப்பது ஊருக்குச் சுவர் வேணும்." நிறுத்தினார். எங்க வீட்டுக்கு கையில ஏனத்தை வச்சுக்கிட்டு உறைமோர் கேட்டு வர்ற பக்கத்து வீட்டு அம்மா தயங்குவாங்களே, அதே தயக்கம். "உங்ககிட்ட கொஞ்சம் கிடைக்குமா?"

நான் ரஹ்மத்தைப் பாத்தேன். அவ வாயைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தா, இந்தத் தடவை தூசுன்னு சொல்லல.

"அதுக்கென்ன சார், தாராளமா தர்றேன்"ன்னேன். "வரும்போது ஏனம் கொண்டாங்க. பெருசாவே கொண்டாங்க."